உடம்பிலுள்ள உயிர்க்கயிறு

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது மனித உடம்பிலுள்ள ஒரு கயிற்றைப் பற்றிய பொருள். பேசுபவன் வைத்தியனல்லன், விஞ்ஞானம் கற்றவனுமல்லன். கலைப் பட்டதாரியாகி, ஆசிரியத் தொழிலிற் புகுந்து, இப்பொழுது அரசாங்கப் பாடசாலையொன்றின் அதிபராகப் பணியாற்றுபவன். ஊர், வேலணைத் தீவிலுள்ள சரவணை. இத்தகையவன் உடற்கூற்றைப் பற்றிப் பேச முற்படலாமோ என்று நீங்கள் வினவினால் அது நியாயமான வினாவே. என் விடை இதுதான்: மூன்று ஆண்டுகளுக்கு முன் என் வலது காலில் அந்தக் கயிறு அறுந்துபோயிற்று. அறுந்த பின்னரே அப்படியொன்று ஐம்பது ஆண்டுகளாக என்னைத் தாங்கி நின்றதென்பதை அறிந்தேன். பட்டறிந்தவன் சொல்வதைக் கேட்பதில் நட்டமில்லை அன்றோ?

நீங்கள் இருக்கும் இடத்திலிருந்தே ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். குதிகாலுக்கு மேலே, காலின் பின்புறத்தை இரு விரல்களாற் பிடித்துப் பாருங்கள். பருத்த கயிறுபோல் ஒன்று உறுதியாக நிற்கும். அதுவே குதிகால் நாண். கெண்டைக்காற் சதையைக் குதி எலும்போடு இணைப்பது அது. இவ்வாறு தசையையும் எலும்பையும் பிணைக்கும் கயிறுகள் உடம்பெங்கும் உள்ளன. அவற்றைத் தசைநாண்கள் என்பர். எங்கள் ஊரில் இதனையும் நரம்பு என்றே சொல்வார்கள். “குதிக்கால் நரம்பு இழுக்குது” என்று முறையிடாத முதியவரைக் காண்பது அரிது. உண்மையில் நரம்பு செய்தியைக் கொண்டு செல்வது. நாண் விசையைக் கொண்டு செல்வது. வில்லின் நாணுக்கு வைத்த பெயரையே இதற்கும் வைத்த தமிழறிஞர் பொருத்தமறிந்தே வைத்தார். நாண் தளர்ந்தால் வில் எத்துணை வலியதாயினும் அம்பு பாயாது.

எனக்கு நேர்ந்ததைக் கூறுகிறேன். எங்கள் பாடசாலையின் இல்ல மெய்வல்லுநர்ப் போட்டியில் இறுதி நிகழ்ச்சி ஆசிரியர் ஓட்டம். அலுவலக நாற்காலியில் அமர்ந்தும் மோட்டார் சைக்கிளிற் சென்றும் பத்து ஆண்டுகளைக் கழித்திருந்த நான், மாணவர் ஆரவாரித்து அழைத்தபோது மறுக்க வெட்கப்பட்டு, காற்சட்டையை மடித்துக்கொண்டு வரிசையில் நின்றேன். இருபது அடி ஓடியிருப்பேன். பின்னாலிருந்து யாரோ கிரிக்கெட் மட்டையாற் குதிகாலில் ஓங்கி அடித்ததுபோல் இருந்தது. சத்தமும் கேட்டது. சினத்தோடு திரும்பிப் பார்த்தேன். பின்னால் எவருமில்லை. அடுத்த அடியை வைக்கக் கால் கேட்கவில்லை.

வைத்தியசாலையில் என்னைக் குப்புறப் படுக்கச்செய்து, வைத்தியர் என் கெண்டைக்காலைக் கையாற் பிசைந்தார். இடது காலைப் பிசைந்தபோது பாதம் அசைந்தது. வலது காலைப் பிசைந்தபோது அசையவில்லை. கயிறு அறுந்த வாளியைப்போல அது சும்மா கிடந்தது. “அடிபட்டதாக எண்ணித் திரும்பிப் பார்த்தீர்களா?” என்று அவர் கேட்டார். ஆம் என்றேன். “எல்லாரும் அப்படித்தான் திரும்பிப் பார்ப்பார்கள்” என்றார். நெடுங்காலம் உடம்பை அசைக்காதிருந்துவிட்டு ஒருநாள் திடீரென்று ஓடப் புகும் நடுத்தர வயது ஆடவருக்கே இந்த விபத்து மிகுதியாக நேர்கிறதாம். கிரேக்கப் புராணத்தில் அக்கிலீசு என்ற வீரனை, அவன் தாய் குதிகாலிற் பிடித்தபடி தெய்வ நதியில் தோய்த்தாள். பிடித்த இடம் நனையாமையால் அவனுக்கு உயிர்நிலை குதிகாலாயிற்று என்பது கதை. மேனாட்டார் இந்த நாணுக்கு அவன் பெயரையே வழங்குகின்றனர். அவனுக்கு எய்தது அம்பு. எனக்கு எய்தது சோம்பல்.

கட்டுப் போட்ட காலோடு வீட்டிற் கிடந்த வாரங்களில் இந்த நாணைப் பற்றித் தேடித்தேடி வாசித்தேன். அங்ஙனம் வாசித்தபோது, அதன் உள்ளமைப்பைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னதில் முதன்மையான பங்கு நமக்கு அண்மையிலுள்ள சென்னை மாநகருக்கு உரியதென்பதை அறிந்து மகிழ்ந்தேன். 1952 ஆம் ஆண்டிற் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைக்குத் தலைவராக வந்தவர் கோ. நா. இராமச்சந்திரன். அப்பொழுது அவருக்கு வயது ஏறக்குறைய முப்பது. தசைநாணுக்கும் தோலுக்கும் எலும்புக்கும் அடிப்படையான புரதப் பொருள் கொலாசன் எனப்படுவது. அதன் அமைப்பு அதுவரை எவருக்கும் பிடிபடாதிருந்தது. சென்னைக்கு வந்த ஆங்கில விஞ்ஞானி பேர்னால் இந்தக் குறையைச் சுட்டிக்காட்ட, இராமச்சந்திரன் அதனை ஆராயத் துணிந்தார். பதப்படுத்திய தோல் என்பது பெரும்பாலும் கொலாசனே ஆதலால், பல்கலைக்கழகத்தின் அயலிலிருந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அவருக்குக் கைகொடுத்தது. சுறாவின் செட்டையிலிருந்தும், பின்னர் கங்காருவின் வாலிலுள்ள தசைநாணிலிருந்தும் பெற்ற கொலாசனை எக்ஸ் கதிர்களால் நோக்கி, அவரும் கோபிநாத் கார்த்தாவும் 1954 ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் அதனைத் திருத்தி மேம்படுத்தினர்.

அவர்கள் கண்டதென்ன? கொலாசன் என்பது முப்புரிக் கயிறு. மூன்று புரதச் சங்கிலிகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்குண்டு ஒரு மூலக்கூறாகின்றன. தீவகத்தில் தும்பிலே கயிறு திரித்தவர்களுக்கு இதில் வியப்பொன்றும் இராது. கயிறு திரிப்பவர் தனிப் புரியை ஒரு திசையில் முறுக்குவார். புரிகளைச் சேர்த்துக் கயிறாக்கும்போது எதிர்த்திசையில் முறுக்குவார். அவ்வாறு செய்தாலன்றிக் கயிறு தானாகவே அவிழ்ந்துவிடும். கொலாசனிலும் தனிச் சங்கிலியின் சுருள் இடப்பக்கமாகவும், மூன்றும் சேர்ந்த முறுக்கு வலப்பக்கமாகவும் செல்கின்றன. இம்மூலக்கூறுகள் பல சேர்ந்து நுண்ணிழையாகும். நுண்ணிழைகள் சேர்ந்து நாராகும். நார்கள் சேர்ந்து கற்றையாகும். கற்றைகள் சேர்ந்து நாணாகும். தும்பு புரியாகி, புரி கயிறாகி, கயிறு தேர்வடமாவது போன்ற ஒழுங்கு இது.

இந்த வடம் தாங்கும் பாரமோ பெரிது. ஓடும்போது குதிகால் நாணில் வரும் இழுவை, உடம்பின் எடையைப்போல் பன்னிரண்டு மடங்கு வரையும் உயர்வதை அளந்து கண்டிருக்கின்றனர். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஓடுகையில் ஏழு நூறு கிலோ வரையான பாரத்தைக் கைவிரற் பருமனுள்ள ஒரு கயிறு அடிக்கடி தாங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். அது வெறுமனே தாங்குவதோடு நில்லாது. இழுபட்டு நீளும்போது சக்தியைச் சேமித்து, சுருங்கும்போது பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. நம் நடையில் ஒரு துள்ளல் இருக்குமாயின் அது இந்த நாணின் கொடை. முதுமையில் அத்துள்ளல் மறைந்து, பாதத்தை இழுத்து நடப்பது தோன்றுமாயின், தசையின் தளர்ச்சியோடு நாணின் தளர்ச்சியும் அதற்குக் காரணமாகும்.

இனி, என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்த ஒரு செய்தியைச் சொல்லுகிறேன். 1955 ஆம் ஆண்டுக்கும் 1963 ஆம் ஆண்டுக்கும் இடையில் வல்லரசுகள் வான்வெளியில் அணுகுண்டுகளை வெடித்துப் பரீட்சித்தன. அவற்றால் வளிமண்டலத்தில் கதிர்வீசும் கரிமத்தின் அளவு ஏறக்குறைய இரு மடங்காயிற்று. 1963 இல் வான்வெளிப் பரீட்சைகளைத் தடுக்கும் உடன்படிக்கை ஏற்பட்டபின் அந்த அளவு ஆண்டுதோறும் குறைந்து வந்தது. அக்கரிமம் பயிரிலே சேர்ந்தது. பயிரின் வழியாக மனித உடம்பிலும் சேர்ந்தது. ஆகவே, உடம்பின் ஒரு பகுதியில் அக்கரிமம் எவ்வளவு இருக்கிறதென்று அளந்தால், அப்பகுதி எந்த ஆண்டிற் செய்யப்பட்டதென்று கூறிவிடலாம். மரத்தின் வளையத்தை எண்ணி வயது சொல்வது போன்ற ஒரு வழி இது.

டென்மார்க்கு நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர், இறந்தோரின் குதிகால் நாணை இவ்வழியால் அளந்து, 2013 ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். தசையோ வாழ்நாள் முழுவதும் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தது. நாணின் நடுப்பகுதி அவ்வாறு செய்யவில்லை. பிறந்த நாள் முதல் ஏறக்குறைய பதினேழு வயது வரையில் அது திரிக்கப்பட்டிருந்தது. அதன்பின் புதிதாகத் திரிக்கப்பட்டதற்கு அடையாளமே காணப்படவில்லை. ஐம்பத்தைந்து வயதினனாகிய நான் ஓடிய அன்று என் காலில் இருந்தது, பள்ளிக்கூடத்து வெயிலிற் பந்து விளையாடிய சிறுவனுக்குக் கடவுள் திரித்துக் கொடுத்த அதே கயிறு. அதற்கு மாற்றுக் கயிறு கிடையாது. பதினேழு வயது என்றதும் ஆசிரியனாகிய என் நெஞ்சு துணுக்குற்றது. அதன் காரணத்தைப் பின்னர் சொல்வேன்.

புதுப்பிக்கப்படாத கயிறு ஆண்டுகள் ஏற ஏற என்னவாகும்? முதலாவது, நாணினுள்ளே வாழும் உயிர்க்கலங்கள் இயல்பாகவே மிகச் சில. வயது ஏறும்போது அவற்றின் தொகையும் சுறுசுறுப்பும் குறைகின்றன. குருதிக் குழாய்களும் அங்கே குறைவு. ஆதலால், நாளாந்தம் ஏற்படும் நுண்ணிய சிதைவுகளைச் செப்பனிடுவது மந்தமாகிறது. இரண்டாவது, குருதியிலுள்ள சர்க்கரை சிறிது சிறிதாகக் கொலாசனோடு சேர்ந்து, இழைக்கும் இழைக்கும் இடையே வேண்டாத முடிச்சுகளைப் போடுகிறது. பாகு சிந்திய கயிறு காய்ந்து மொரமொரத்துப் போவதை ஒத்தது இது. இளைஞரோடு ஒப்பிடுகையில் முதியோரின் முழங்கால் நாணில் இத்தகைய முடிச்சுகள் பன்மடங்கு மிகுதியாகவும், கொலாசனின் செறிவு குறைவாகவும் இருப்பதை டென்மார்க்கினர் 2009 இற் கண்டனர். நீரிழிவு உள்ளவருக்கு இந்த முடிச்சுகள் இன்னும் விரைவாக விழுகின்றன. சீனி வருத்தத்தைக் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் மாத்திரமன்றிக் காலின் நாணுக்கும் காவலாகும்.

இவை வயதின் செயல்கள். இவற்றை நாம் முற்றாகத் தடுக்க இயலாது. ஆனால் வயதின் பெயரால் நாம் செய்துகொள்ளும் தீங்கு வேறொன்று உண்டு. அதுவே சும்மா இருத்தல்.

தேங்காய்த் தும்புக் கயிறு பாவித்தால் தேயும். பாவியாமல் வைத்தால் நெடுநாள் இருக்கும். உடம்பிலுள்ள உயிர்க்கயிற்றின் நியதி நேர்மாறானது. அதன் நடுப்புரிகள் புதிதாகத் திரிக்கப்படாவிடினும், நாணிலுள்ள உயிர்க்கலங்கள் ஒவ்வோர் இழுவையையும் உணர்கின்றன. அளவான இழுவை வரும்போது, நாணைப் பேணும் பொருள்களை ஆக்கும்படி அவை தூண்டப்படுகின்றன. இழுவை வராதபோது அத்தூண்டுதல் ஒழிகிறது, நாண் தளர்கிறது. விண்வெளிக்குச் செல்வோரின் உடம்பு என்னவாகும் என்று அறிவதற்காக, நலமுள்ள தொண்டர்களைத் தலைப்பக்கம் சற்றே தாழ்ந்த கட்டிலில் 90 நாட்கள் படுக்க வைத்து ஆராய்ந்தனர். முடிவு 2005 இல் வெளிவந்தது. படுத்தே இருந்தவர்களின் கெண்டைக்கால் நாணின் விறைப்பு நூற்றுக்கு 58 வீதம் குறைந்துபோயிற்று. படுத்தபடியே இடையிடையே காலுக்குப் பாரப் பயிற்சி செய்தவர்களுக்குக் குறைவு 37 வீதத்தோடு நின்றது.

விறைப்பு என்று நான் சொல்வதைப் பிழையாக விளங்கிக்கொள்ளலாகாது. காலையில் எழும்போது மூட்டுப் பிடிப்பதை நாம் விறைப்பு என்கிறோம், அதுவன்று இது. வில்லில் நாண் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும் நிலையே இது. படியில் ஏறும் ஒருவருக்குக் கால் இடறுகிறதென்று கொள்ளுங்கள். தசை உடனே இழுக்கிறது. நாண் தளர்ந்திருந்தால், அந்த இழுப்பின் முதற்பகுதி நாணை நிமிர்த்துவதிலேயே கழிந்து, எலும்பைச் சேரப் பிந்துகிறது. அந்தக் கணநேரப் பிந்தலில் ஒரு மனிதர் விழுந்துவிடுகிறார். அறுபதிலும் எழுபதிலும் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டவர்கள் நம் ஒவ்வொருவர் சுற்றத்திலும் இருக்கிறார்கள்.

எங்கள் தீவகத்தில் இது தனியாகச் சிந்திக்க வேண்டிய பொருள். என் பாட்டனார் காலத்திற் தோட்டத்துக்கு நீர் இறைத்தது துலாவால். துலாவின்மேல் ஒருவர் முன்னும் பின்னும் ஓடி மிதிக்க, கிணற்றடியில் ஒருவர் பட்டையைச் சரிப்பார். பனையேறியவரும், கடலில் இறங்கி வள்ளம் தள்ளியவரும், தலைச்சுமையோடு சந்தைக்கு நடந்தவரும் தேகாப்பியாசம் என்ற சொல்லைக் கேட்டறியார்; அவர்கள் வாழ்வே தேகாப்பியாசமாயிருந்தது. அக்காலம் திரும்ப வேண்டுமென்று நான் வேண்டவில்லை. துலாவிலிருந்து விழுந்து முடமானவரும் உண்டு. பனையிலிருந்து விழுந்து மாண்டவரும் உண்டு. அளவுக்கு மிஞ்சிய பாரமும் நாணைச் சிதைக்கும். நீர்ப்பம்பி வந்தது நல்லதே. ஆனால் பம்பியோடு கூடவே நாற்காலியும் வந்தது.

1990 ஆம் ஆண்டில் யுத்தத்தின் காரணமாகத் தீவக மக்கள் பெரும்பாலும் இடம்பெயர்ந்தனர். பின்னர் பலருடைய பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும் பிறநாடுகளிலும் குடியேறினர். ஊருக்குத் திரும்பி வந்தவர்களில் முதியோர் பலர். அவர்களுக்குப் பிள்ளைகள் அனுப்பும் பணம் வருகிறது. அதனோடு ஒரு கட்டளையும் வருகிறது. என் தங்கை கனடாவிலிருந்து தொலைபேசியில் எனக்குச் சொன்னதும் அதுவே: “அம்மாவை ஒரு வேலையும் செய்ய விடாதேங்கோ, அண்ணா. அவ இவ்வளவு காலமும் பட்டது போதும்.” அன்பின் மிகுதியாற் சொன்ன சொல். நானும் அன்பின் மிகுதியால் அதற்கு உடன்பட்டேன். தண்ணீர்த் தாங்கி கட்டினோம். முற்றம் கூட்ட ஆள் வைத்தோம். எண்பது வயதுத் தாயார் விறாந்தைக் கதிரையில் அமர்ந்தார்.

ஆண்டுதோறும் நயினாதீவு அம்மன் திருவிழாவுக்குப் போவது அவரது வழக்கம். குறிகட்டுவான் துறையிலிருந்து வள்ளத்திற் கால் வைத்து இறங்க ஒரு கணம் ஒற்றைக் காலில் நின்றாக வேண்டும். கதிரையிலமர்ந்த அடுத்த ஆண்டில் அவரால் அது முடியவில்லை. இருமுறை காலை நீட்டினார், இருமுறையும் பின்வாங்கினார். மற்றவர்கள் ஏறிச் சென்றார்கள். நாங்கள் துறையில் நின்றோம். கட்டவிழ்த்துச் சில மாதங்களேயான காலோடு, கைத்தடியூன்றி நானும் பக்கத்தில் நின்றேன். அப்பொழுது தாயார் சொன்னார்: “சும்மா இருக்க இருக்கக் கால் மறந்து போச்சுது, தம்பி.” ஆராய்ச்சிக் கட்டுரைகள் பல பக்கங்களிற் சொன்னதை அவர் ஒரு வரியிற் சொல்லிவிட்டார். என் காலும் அவ்வாறே மறந்திருந்தது. ஆறு வாரம் கட்டிற் கிடந்த வலது கெண்டைக்கால், இடது கெண்டைக்காலிலும் மெலிந்து, யாருடைய காலோ என்று எண்ணும்படி ஆகியிருந்தது.

மறந்த கால் மீண்டும் கற்குமா? கற்கும் என்பதே நான் இன்று சொல்ல வந்த நற்செய்தி. இங்கிலாந்தில், சராசரி 74 வயதான சிலரைக் கொண்டு, வாரத்தில் மூன்று நாட்கள், 14 வாரங்கள், காலுக்குப் பாரப் பயிற்சி கொடுத்தனர். அவர்களுடைய முழங்கால் நாணின் விறைப்பு நூற்றுக்கு 65 வீதம் உயர்ந்தது. 2003 இல் வெளிவந்த முடிவு இது. எழுபத்து நான்கு வயதிலும் நாண் பாடம் கற்க ஆயத்தமாயிருக்கிறது. பாடம் நடத்துவாரைக் காணோம் என்பதே குறை.

சுவீடன் தேசத்து எலும்பு வைத்தியர் ஒருவரின் வரலாறும் சுவையானது. ஹாக்கன் அல்பிரெட்சன் என்பது அவர் பெயர். அவருக்கே குதிகால் நாணிற் தீராத நோவு இருந்தது. சத்திரசிகிச்சை செய்யும்படி தம் மேலதிகாரியை வேண்ட, அவர் மறுத்துவிட்டார். நோவை இன்னும் மோசமாக்கினாலாவது சம்மதிப்பார் என்று எண்ணி, படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலைப் பாரத்தோடு மெல்ல மெல்லக் கீழே இறக்கும் பயிற்சியை நாள்தோறும் செய்தார். நோவு கூடவில்லை, நீங்கிப்போயிற்று. அதே பயிற்சியை நாட்பட்ட நோவுடைய பதினைந்து ஓட்டக்காரருக்கு 12 வாரங்கள் கொடுத்துப் பார்த்து, அவர்கள் மீண்டும் ஓடத் தொடங்கியதை 1998 இல் உலகுக்கு அறிவித்தார். இன்று பல நாடுகளில் இயன் மருத்துவர்கள் இதனைக் கற்பிக்கின்றனர்.

எனக்குக் கற்பித்த இயன் மருத்துவர், தாயாரையும் அழைத்து வரும்படி சொன்னார். வைத்தியரைக் கொண்டு இருதயத்தையும் குருதி அமுக்கத்தையும் பார்த்தபின் எங்கள் வகுப்புத் தொடங்கியது. விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு இரு குதிகால்களையும் உயர்த்துவது, மூன்று எண்ணும்வரை நிற்பது, மெதுவாக இறக்குவது. கையூன்றாமல் கதிரையிலிருந்து எழுவது, மெதுவாக அமர்வது. முதல் வாரம் ஐந்து முறை, பின்னர் எட்டு, பின்னர் பத்து. ஒருநாள் விட்டு ஒருநாள். முற்றம் கூட்டும் பணியையும் அவரிடமே திருப்பிக் கொடுத்தோம். தங்கை கனடாவிலிருந்து கோபித்தார். விளக்கிச் சொன்னபின் சமாதானமானார். அற்புதம் எதுவும் நிகழ்ந்ததாகச் சொல்ல மாட்டேன். தாயாருக்கு வயது குறையவில்லை. ஆனால் மறு ஆண்டில், என் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு, குறிகட்டுவானில் வள்ளத்தில் இறங்கினார்.

நேயர்களே, இதனைக் கேட்டுவிட்டு எவரும் நாளைக் காலையிலேயே ஓடத் தொடங்கிவிடாதீர்கள். அவ்வாறு ஓடியவனின் கதையைத்தான் இவ்வளவு நேரம் கேட்டீர்கள். தசை சில வாரங்களிற் பலம் பெறும். நாணுக்கு மாதங்கள் வேண்டும். தசை தன் பலத்தைப் பெற்றுவிட்ட செருக்கில், ஆயத்தமாகாத நாணை இழுத்து அறுத்துவிடக்கூடும். ஆகவே சிறிதிற் தொடங்கி மெல்ல ஏற்றுதல் வேண்டும். அடுத்த நாளும் நோவு மிகுந்திருந்தால் அளவைக் குறைத்தல் வேண்டும். சிலவகை நோய்க்கிருமி கொல்லி மருந்துகள், குறிப்பாகச் சிப்ரோபுளொக்சசின் இனத்தவை, அரிதாக நாணைப் பலவீனப்படுத்துவதுண்டு. அறுபது வயதுக்கு மேற்பட்டோரும் ஸ்டீரொயிட் மருந்து உட்கொள்வோரும் இதிற் கூடுதல் கவனம் கொள்ளவேண்டும். அம்மருந்தை உட்கொள்ளும் நாட்களிற் குதிகாலில் நோவு தோன்றினால் உடனே வைத்தியருக்குத் தெரிவியுங்கள். மருந்தைத் தாமாகத் தொடங்குதல் ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்லி வைக்கிறேன்.

இனி, பதினேழு வயது என்றதும் என் நெஞ்சு துணுக்குற்ற காரணத்தைச் சொல்லி முடிக்கிறேன். க. பொ. த. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது, எங்கள் பாடசாலையில் உடற்கல்விப் பாடவேளைகளை எடுத்துக் கணிதத்துக்குக் கொடுத்தவன் நானே. ஒருவரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பெற்றோர் பாராட்டினார்கள். பெறுபேறு உயர்ந்தது, நானும் பெருமையடைந்தேன். காலையில் தனியார் வகுப்பு, பகலிற் பாடசாலை, மாலையில் மீண்டும் வகுப்பு, இரவிற் கையடக்கத் தொலைபேசி என்று பிள்ளைகள் பதினேழு வயது வரை அமர்ந்தே வளர்ந்தார்கள். உலக சுகாதார ஸ்தாபனம் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணித்தியால உடலுழைப்பாவது வேண்டும் என்கிறது. பதினொன்று முதல் பதினேழு வயது வரையான மாணவரில் ஐவரில் நால்வருக்கு அது கிடைப்பதில்லை என்று அந்த ஸ்தாபனத்தாரின் ஆய்வு 2019 இற் காட்டியது. அந்த நால்வரில் என் மாணவரும் இருந்தனர். கயிறு திரிக்கப்படும் பருவத்திற் கைகளைப் பிடித்துக் கட்டிவைத்தவன் நான். தவறிய கணிதத்தை இருபது வயதிலும் கற்கலாம். தவறிய பருவத்தை எங்கே சென்று கற்பது?

கால் கட்டு அவிழ்ந்து பாடசாலைக்குத் திரும்பிய முதல் வாரத்தில் நேரசூசியைத் திருத்தினேன். உடற்கல்விப் பாடவேளை அதன் உரிய ஆசிரியரிடம் திரும்பிச் சென்றது. பரீட்சைத் தவணையிலும் அதைத் தொடுவதில்லை என்று ஆசிரியர் கூட்டத்தில் எழுதி வைத்தோம். சில பெற்றோர் வருந்தினார்கள். அவர்களிடம் என் குதிகாலைக் காட்டினேன். இப்பொழுது மைதானத்திற் பிள்ளைகள் ஓடும் நேரத்தில் நானும் ஓரமாக நடக்கிறேன். ஆசிரியர் ஓட்டத்தில் மீண்டும் சேரும் எண்ணம் எனக்கில்லை.

ஆகையால் நேயர்களே, பிள்ளைகளை ஓட விடுங்கள். அவர்களுக்குரிய கயிறு இப்பொழுதுதான் திரிக்கப்படுகிறது. நடுவயதினரே, நாற்காலியிலிருந்து நாள்தோறும் எழுந்து நடவுங்கள். ஒருநாளிற் பத்தாண்டுக் கடனைத் தீர்க்க முற்படாதீர்கள். கடல் கடந்து வாழும் பிள்ளைகளே, தாய் தந்தையரைச் சும்மா இருக்கச் சொல்லாதீர்கள். அவர்கள் பட்ட பாடு போதும் என்பது உண்மை. அவர்கள் எழுந்து நடப்பதற்கு ஒரு தூணையும், பக்கத்திலே ஒரு தோளையும் கொடுங்கள்.